நிலவறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நியூயார்க் மாநகரின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், படியிறங்கிச் செல்லும் நிலவறை ஒன்றில் அமைந்துள்ளது வில்லேஜ் வான்கார்ட் என்னும் இசை விடுதி. மாக்ஸ் கார்டன் என்பார் 1935 முதல் அதனை அவ்விடத்தில் நடத்தி வந்தார். ஏறத்தாழ 120 பேரே அமரத்தக்க சிறிய கூடம் அது. எனினும் ஜாஸ் இசை வரலாற்றில் அதற்குரிய இடம் மிகப் பெரிது.

1961ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பியானோவில் பில் எவன்ஸ், பேஸ் என்னும் பெருந்தந்திக் கருவியில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோட்டியன் ஆகிய மூவரும் அங்கு இசை வழங்கினர். பிற்பகலில் இரண்டு, இரவில் மூன்று என ஐந்து முறை மேடையேறினர். ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்தார் அவற்றை ஒலிப்பதிவு செய்தனர்.

அதற்கு முன்னர், இத்தகைய மூவர் குழுக்களில் பெரும்பாலும் பியானோக்காரரே தலைவர். ஏனைய இருவரும் பக்கவாத்தியக்காரர். பேஸ் அடியடியாகத் தாளநடையைத் தாங்கும். டிரம்ஸ் காலப்பிரமாணத்தைக் காக்கும். எவன்ஸ் குழுவினர் இவ்வழக்கத்தைத் தளர்த்தினர். லஃபாரோவின் பேஸ் பியானோவுக்கு மறுமொழி கூறிற்று. மோட்டியனோ தாளத்தை வெளிப்படையாக அடித்துக் காட்டாமல் குறிப்பாலுணர்த்தினார். மூவரும் சமநிலையில் நின்று உரையாடினர் என்பதே அவ்விசையின் புதுமை.

அவையோர் இதனை உணர்ந்தனரா? ஒலிப்பதிவைக் கேட்போர் காதில் கண்ணாடிக் குவளைகளின் ஓசையும், பேச்சொலியும், சிரிப்பொலியும் விழுகின்றன. அரியதொரு கலை அரங்கேறிக் கொண்டிருக்க, சிலர் தத்தம் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தனர்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் நாள், லஃபாரோ கார் விபத்தில் மாண்டார். அவருக்கு வயது 25. எவன்ஸ் துயரத்தால் பல மாதங்கள் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். அப்பதிவிலிருந்து அவ்வாண்டே வெளியான முதல் இசைத்தட்டு, லஃபாரோ இயற்றிய உருப்படியுடன் தொடங்கி, அவர் இயற்றிய மற்றோர் உருப்படியுடன் முடிகிறது. மறைந்த தோழருக்கு எழுப்பிய நினைவுக்கல் அது எனலாம். இரண்டாம் இசைத்தட்டு 1962இல் வந்தது. அன்றைய பதிவு முழுவதும் 2005இல் மூன்று தட்டுகளாக வெளியிடப்பட்டது.

எவன்ஸ் 1980இலும் மோட்டியன் 2011இலும் மறைந்தனர். ஒலிநாடா இல்லையேல் அந்த இசை அன்றிரவே காற்றோடு போயிருக்கும். மேசையருகே அமர்ந்து பேசியவர்க்குத் தாம் இருப்பது வரலாற்றின் நடுவில் என்பது தெரியாது. வரலாறு முன்னறிவித்து வருவதில்லை. ஆகவே, கலைஞன் கண்முன் அமர்ந்து இசைக்கும்போது வாய்மூடிச் செவிகொடுப்பதே அவனுக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை.