காணாப் பொருளின் அடிச்சுவடு

கோமா மண்டலக் கூட்டத்தின் வேகத்தை ஆராய்ந்த பிரிட்ஸ் ஸ்விக்கி, கண்ணுக்குப் புலப்படாத பொருள் அங்கே மிகுந்திருத்தல் வேண்டும் என 1933-இல் உரைத்தார். அவ்விருட்பொருளின் துகள்கள் தம்முள் மோதி அழியுமாயின் பாசிட்ரான், காமாக் கதிர் முதலியன சிதறும். அவற்றைத் தேடுவதே மறைமுக வழி.

2006-இல் ஏவப்பெற்ற பமேலா என்னும் கருவி, ஆற்றல் ஏற ஏறப் பாசிட்ரான்களின் விகிதமும் ஏறுவதை 2009-இல் அறிவித்தது. எதிர்பார்த்ததோ இறக்கம்! 2011-இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பெற்ற ஏ.எம்.எஸ். கருவியும் அதனை உறுதிசெய்தது. ஆயினும், துடிப்பு விண்மீன்களும் பாசிட்ரானை உமிழவல்லன. அன்றியும், உடன்பிறக்க வேண்டிய எதிர்ப் புரோட்டான்களைப் பமேலா மிகையாகக் காணவில்லை. இலேசான துகள்களை மட்டும் ஈனும் இருட்பொருள் என உடனே புதுக் கொள்கை வகுத்தனர் சிலர். விடைக்கேற்ப வினாவைத் திருத்தும் மாணாக்கனே என் நினைவுக்கு வருகிறான். 2015-இல் பிளாங்க் விண்கலத்தின் தொல்லொளி அளவீடு அவ்விளக்கங்களுள் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டது.