பறக்கும் தட்டும் கலர் கண்ணாடியும்

கலர் கண்ணாடிக்கு நம்ம ஊரில் 'கூலிங் கிளாஸ்' என்று பேர். வெளிச்சத்தைக் குறைத்துக் கண்ணுக்குக் குளுமை தருவதுதான் அதன் வேலை என்று அந்தப் பேரே சொல்லிவிடுகிறது. ஆனால் பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிற ஆட்கள் போடும் மஞ்சள், ஆரஞ்சு, ஊதா கண்ணாடிகளுக்கும் குளுமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது வேற. அது என்ன, எங்கிருந்து வந்தது என்று தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

தேட ஆரம்பித்ததற்குக் காரணம் எங்க மாவட்டத்துக்காரர் ஒருத்தர். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், சோராவர் சிங் சந்து இருவரோடும் சேர்ந்து ட்ராப் அணிப் பிரிவில் தங்கம் வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். பாரிஸ் என்று பேர்தானே தவிர, துப்பாக்கிப் போட்டிகள் நடந்தது அங்கிருந்து வெகுதூரம் தள்ளியுள்ள ஷாத்தோரு என்ற ஊரில். தகுதிச் சுற்றில் 125 தட்டு. முதல் நாள் 75க்கு 68, மறுநாள் 50க்கு 50. மொத்தம் 118, இருபத்தொன்றாவது இடம். இறுதிச் சுற்றுக்குப் போனது ஆறே பேர். தவறியது ஏழு தட்டு, அதுவும் எல்லாம் ஒரே நாளில். இந்த விளையாட்டில் ஒரு தட்டுக்கு என்ன மதிப்பு என்பது இதிலேயே தெரியும்.

(ஒரு சின்ன இடைச்செருகல். ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்கை 1915ல் கல்யாணம் செய்து வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1928ல் காலமானது பாரிஸில்தான். 96 வருஷம் கழித்து அதே வம்சத்துப் பேர் பிரான்ஸில் ஒரு ஸ்கோர் போர்டில்.)

இந்தியாவில் ஷாட்கன் விளையாட்டு ரொம்ப நாள் சமஸ்தான வீடுகளின் விளையாட்டாகவே இருந்தது. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1960 ரோமில் தொடங்கி ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். 1962 கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். வேட்டைக்காடும் துப்பாக்கியும் தோட்டா வாங்கப் பணமும் இருந்தவர்கள் அவர்கள்தான். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3ல் இந்தியாவோடு இணைந்தது. 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டைக்கு மூடுவிழா நடந்தது. துப்பாக்கிக்கு மிஞ்சியது தட்டுதான்.

தட்டின் கதையும் வேட்டையில்தான் ஆரம்பம். இங்கிலாந்தில் பெட்டிக்குள் அடைத்த புறாவைத் திறந்துவிட்டுச் சுடுவார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில்கூட உயிருள்ள புறாவைச் சுட்டார்கள். நடுவில் அமெரிக்காவில் கண்ணாடி உருண்டையை எறிந்து சுடும் வழக்கம் இருந்தது. 1880ல் சின்சினாட்டிக்காரர் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண்ணில் தட்டு செய்து காப்புரிமை வாங்கினார். நாம கண்மாயில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசித் தண்ணி மேல் துள்ளவிடுவோமே, அந்த மாதிரி பையன்கள் விளையாடுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. களிமண் தட்டு சில நேரம் குண்டு பட்டும் உடையாது. அதனால் பின்னாடி சுண்ணாம்புக்கல் பொடியும் தாரும் கலந்த தட்டு வந்தது. பேர் மட்டும் இன்னும் களிமண் தட்டு.

அந்தத் தார் கலவையின் இயல்பான நிறம் கருப்பு. வெளுத்த வானத்துக்கு எதிரே கருப்பு நன்றாகத் தெரியும். மரத்துக்கு எதிரே காணாமல் போகும். எனவே பெயின்ட் அடித்தார்கள். இன்று பெரிய போட்டிகளில் அதிகம் பார்ப்பது பளீரென்ற ஆரஞ்சு. குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் தரைமட்டத்துப் பள்ளத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும். எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. பால்ரஸ் மாதிரி சின்னக் குண்டுகள் 24 கிராம் அடைத்த தோட்டா. பார்ப்பது, திரும்புவது, சுடுவது எல்லாம் ஒரு வினாடிக்குள். தட்டைக் கொஞ்சம் முன்னாடியே கண் பிடித்துவிட்டால் அதுவே பெரிய லாபம்.

இங்கேதான் கண்ணாடி வருகிறது. கலர் கண்ணாடி பழைய சங்கதி: லண்டன்காரர் ஜேம்ஸ் அய்ஸ்கஃப் 1750களிலேயே நீலம், பச்சைக் கண்ணாடிகளைச் சிபாரிசு செய்தார். 1913ல் வில்லியம் க்ரூக்ஸ், கண்ணாடி உலைத் தொழிலாளிகளுக்கு வரும் கண்புரையைத் தடுக்க முன்னூறுக்கும் மேற்பட்ட கலவைகளைச் செய்து பார்த்தார். 1930களில் பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனி விமானிகளுக்குப் பச்சைக் கண்ணாடி செய்தது. துப்பாக்கிக்காரர்களுக்கு அது விற்றது 'காலிகுரோம்' என்ற மஞ்சள் கண்ணாடி. கவனியுங்கள், இது மற்றதைப் போல 'கண்ணைக் காப்பாற்று' வகை கிடையாது. 'எனக்குத் தெரியணும்' வகை. காற்றிலுள்ள மூட்டம் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணாடி அந்த நீலத்தை வெட்டிவிடும்.

சாஃப்ட்வேர்காரனுக்கு இது பழகின விஷயம். ஒரு படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல். கலர் கண்ணாடி எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஏதோ ஒரு சேனலைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தட்டில் கம்மியாகவும் பின்னணியில் அதிகமாகவும் இருக்கிற சேனல் எதுவோ, அதைக் குறைத்தால் தட்டு எடுப்பாகத் தெரியும்.

எங்க பக்கத்துப் பின்னணி என்ன? புதுக்கோட்டையில் எங்கே திரும்பினாலும் தைலமரமும் செம்மண்ணும். ஒரு ஆரஞ்சு பிளாஸ்டிக் மூடியை இரண்டுக்கும் முன்னால் வைத்து மொபைலில் படம் எடுத்தேன். எண்களை முழுசாக்கிச் சொல்கிறேன். மூடி: சிவப்பு 230, பச்சை 110, நீலம் 30. தைலமரம்: 90, 110, 80. செம்மண்: 170, 95, 60. கண்ணுக்குப் படும் வெளிச்சத்துக்கு வழக்கமான சூத்திரம் சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 சதவீதம். அதன்படி மூடி மரத்தைவிட 1.36 மடங்கு வெளிச்சம். ஊதா கண்ணாடி போட்ட மாதிரி பச்சையை மட்டும் 40 சதவீதமாகக் குறைத்தால் 1.59 மடங்கு. சாதாரண சாம்பல் கூலிங் கிளாஸ் மாதிரி மூன்றையும் பாதியாக்கினால்? அதே 1.36. எல்லாம் இருட்டாச்சே தவிர வித்தியாசம் கூடவில்லை.

செம்மண்ணுக்கு எதிரே கதை வேற. கண்ணாடி இல்லாமல் 1.21, ஊதா போட்டால் 1.23. ஒண்ணும் நடக்கலை. ஆரஞ்சும் செம்மண்ணும் ஒரே ஜாதி. ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் சேர்ந்து வெட்டுப்படும். அந்த இடத்தில் கண்ணாடிக்குச் செலவு செய்வதைவிட மண்மேட்டில் புல் வளர்ப்பது மேல். மொபைல் கேமரா மனிதக் கண் கிடையாது, துல்லியம் கம்மிதான். ஆனால் அளவு மாறலாமே தவிர திசை மாறாது. 'எந்தக் கலர் நல்லது?' என்று மட்டும் கேட்டால் பதிலே கிடையாது. தட்டு என்ன நிறம், பின்னால் என்ன இருக்கு, வெயில் எப்படி என்று மூன்றும் தெரிந்தால்தான் நாலாவதைச் சொல்ல முடியும். இதனால்தான் இவர்கள் ஒரே ஃபிரேமுக்கு நாலைந்து லென்ஸ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி மாட்டுகிறார்கள். பச்சை மரம் பின்னால் இருந்தால் ஊதா, மூட்டமான காலையில் மஞ்சள் அல்லது வெளிர் ஆரஞ்சு, உச்சி வெயிலில் வானம் கூசினால் கொஞ்சம் அடர்த்தி.

ரொம்ப அடர்த்தி கூடாது என்பதற்கும் காரணம் இருக்கு. இருட்டானால் கண்பாவை விரியும். விரிந்தால் கூர்மை குறையும். கேமராவில் அப்பர்ச்சரைத் திறந்த கதைதான். கண் கூசாமல் தாங்குகிற அளவில் எது லேசோ அதை மாட்டு என்பதே பழகியவர்களின் கணக்கு. இன்னொன்று, இதெல்லாம் பாலிகார்பனேட் லென்ஸாக இருக்கணும். உடைந்த தட்டின் சில்லும் தெறித்த குண்டும் முகத்துக்கு வரும். கலர் சரியில்லை என்றால் போவது பாயின்ட். லென்ஸ் உடைந்தால் போவது கண்.

மஞ்சள் கண்ணாடியில் ஒரு மாயமும் உண்டு. மாட்டிய உடனே உலகமே பளிச்சென்று தெரியும். உண்மையில் கண்ணுக்குள் போகும் ஒளி முன்பைவிடக் குறைவு. பகலில் ஒளிக்குப் பஞ்சமில்லை, அதனால் தட்டு சுடுகிறவருக்கு அந்த இழப்பு பெரிசில்லை. ராத்திரி நிலைமை அப்படி இல்லை. திருச்சி ரோட்டில் எதிரே வரும் லாரி வெளிச்சத்துக்குப் பயந்து 'நைட் டிரைவிங்' என்று விற்கிற மஞ்சள் கண்ணாடியை வாங்கி மாட்டுகிறோம். கூச்சம் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கு போய்விடும். லைட் இல்லாமல் ஓரமாக வருகிற சைக்கிள்காரர் அந்தப் பங்கில்தான் இருப்பார். என் காரிலும் ஒன்று கிடந்தது, எடுத்துவிட்டேன்.