காட்டுக் கவிகையின் வேதியியல்: வான்வழி ஆய்வு

மரம் ஏறாமலே, இலைகளில் பச்சையம், நீர், நைட்ரஜன், லிக்னின் எவ்வளவு என்று விமானத்திலிருந்து கணிக்கும் முறை. கருவி அளப்பது வேதிப்பொருளை அல்ல, கவிகை, அதாவது மரங்களின் இலைக்கூரை, திருப்பி அனுப்பும் வெயிலை. சிவப்பு ஒளியைப் பச்சையம் விழுங்கும். 1450, 1940 நானோமீட்டர் அருகே நீர் விழுங்கும். லிக்னினும் புரதமும் 2100 நானோமீட்டரை ஒட்டி மங்கலான தடம் விடும். பச்சை இலையிலோ நீரின் தடம் அவற்றை மூடிவிடும். இத்துறையின் தலைவலியில் பாதி அதுதான்.

இந்தியாவில் இதற்கு முன்னோடி காடல்ல, தென்னந்தோப்பு. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கொல்லங்கோட்டில் பிறந்த பி. ஆர். பிஷரோட்டி, 1970 வாக்கில் கேரளத் தென்னைகளை வானிலிருந்து அகச்சிவப்பு வண்ணச் சுருளில் படமெடுக்கச் செய்து, வாடல் நோய் கண்ட மரங்களை இனம் பிரித்தார். நோயுண்டா என்று படம் சொன்னது, அளவு சொல்லவில்லை. அளவு கிடைத்தது அமெரிக்காவில். விஸ்கான்சின் காட்டு இலைகளின் லிக்னினை விமான நிறமாலைமானியால் கணித்த கரோல் வெஸ்மன், ஜான் ஏபர் குழுவின் கட்டுரை 1988இல் வெளிவந்தது.

அதே 1988இல், பவானிக்கு மோயாற்றை அனுப்பும் முதுமலையில், இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 50 ஹெக்டேர் காட்டை நிரந்தர ஆய்வு நிலமாக்கியது. 1 செ.மீ. குறுக்களவைத் தாண்டிய மரம் ஒவ்வொன்றுக்கும் எண் தகடு. விமானத்தை நினைத்துச் செய்ததல்ல. ஆனால் வானத்துக் கணக்கைத் தரையில் சரிபார்க்க இப்படியொரு பதிவேட்டைவிட வேறென்ன வேண்டும்?

விமானமும் வந்தது. 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை, நாசாவின் அவிரிஸ்-என்ஜி நிறமாலைமானியை இஸ்ரோவின் பி-200 விமானத்தில் பொருத்தி, நாடு முழுக்க 57 இடங்களில் பறந்தனர். முதுமலையும் அவற்றுள் ஒன்று. 380 முதல் 2510 நானோமீட்டர் வரை, சுமார் 5 நானோமீட்டருக்கு ஒரு பட்டை என 400க்கு மேற்பட்ட பட்டைகள். தேக்கு, வெக்காலி, கருமருது போன்ற மரங்களை நிறமாலையால் பிரிக்கும் முயற்சிகளுக்கு இத்தரவு உதவியது.

பறக்கத் தோதான மாதங்கள்தான் இங்கே சிக்கல். தென்மேற்குப் பருவமழையில் தழை செழித்திருக்கும், மேகம் வழிவிடாது. வானம் வெளுக்கும் தை, மாசியில் தேக்கு இலையுதிர்க்கும். உண்ணிச்செடியும் காய்ந்த புல்லும் கவிகையோடு கலந்து பதிவாகும். காய்ந்த இலையில் நீரின் திரை விலகி லிக்னின் தெளிவாகும் என்பது உண்மை; ஆனால் அப்போது அளக்கப்படுவது உயிருள்ள கவிகையா, உதிரக் காத்திருக்கும் சருகா?