பசி வந்ததால்தான் விவசாயம் வந்ததா?

"வேட்டை கிடைக்கல, பசி தாங்கல, அதான் மனுஷன் விவசாயத்துக்கு வந்தான்" என்றுதானே நினைக்கிறோம்?

தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் உள்ள சாண்டா எலேனா கடற்கரை வேறு கதை சொல்கிறது.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் "லாஸ் வேகாஸ்" பண்பாட்டினர். (அமெரிக்க சூதாட்ட நகரத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை!)

கடலில் மீன், அலையாத்திக் காட்டில் சிப்பி, உள்ளே போனால் மான். ஆனாலும் பூசணி வளர்த்திருக்கிறார்கள்!

எப்படித் தெரியும்?

நம் கிட்னியில் கல் உருவாவது போல, செடிகளும் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவை நுண்கற்களாகச் சேர்த்து வைக்கும். செடி மக்கினாலும் அந்தக் கல் மக்காது. காய் பெரிதானால் அதன் தோலில் இருக்கும் கல்லும் பெரிதாகும்.

டோலோரஸ் பிபர்னோ, கேரன் ஸ்டோதர்ட் இருவரும் அங்கே கிடைத்த கற்களை அளந்து 2003ல் வெளியிட்டார்கள். காட்டுப் பூசணியின் கற்களைவிடப் பெரியவை!

அதாவது, நல்ல காயின் விதையை எடுத்து வைத்து, மறுபடி ஊன்றி, தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். மீன்பிடிப்பையும் விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். பட்டினி கிடப்பவர் விதைநெல்லையும் சமைத்துவிடுவார். விதையைத் தின்னாமல் எடுத்து வைக்க, வயிறு ஓரளவு நிறைந்திருக்க வேண்டாமா?

டாக்டராக ஒரு வார்த்தை. காட்டுப் பூசணியின் சதை கடுமையாகக் கசக்கும். காரணம் குக்குர்பிட்டாசின் எனும் நச்சு. நம் வீட்டுச் சுரைக்காயிலும் சில சமயம் அது தலைகாட்டும். வாந்தி, ரத்தப்போக்கு வரை போகும். அதனால் நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை அப்படியே குப்பையில் போடுங்கள். ஜூஸ் போடவே கூடாது.