அடைமழை: டெல்டா வீடும் கரிசல் வீடும்

ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டால் நாகப்பட்டினம் பக்கத்து நெல் விவசாயி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடுகிறார். விளாத்திகுளம் பக்கத்து உளுந்து விவசாயியோ மானாவாரிக் காட்டுக்குள் கால் வைக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். இருவருக்கும் பெய்வது ஒரே வடகிழக்குப் பருவமழைதான். நிலமும் இருவருக்கும் கொஞ்சம்தான்: 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கையிலுள்ள நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் அந்த மழை ஒரு வீட்டை வெளியே விரட்டுகிறது, இன்னொரு வீட்டை உள்ளே அடைக்கிறது.

முதல் காரணம் தண்ணீரின் அளவு. நாகை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மி.மீ. மழை, விளாத்திகுளம் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் அதில் பாதி. இரண்டிலுமே பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அடுத்தது மண். நாகை இருக்கும் காவிரி டெல்டா தட்டையான பூமி. வந்த தண்ணீர் போக வழி தேடும். விளாத்திகுளத்துக் கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பி, காலிலும் கலப்பையிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் வெடித்துப் பிளக்கும்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்பது சம்பா இளம்பயிராக நிற்கும் காலம். நுனி மூழ்கி நாட்கணக்கில் தண்ணீர் நின்றால் பயிர் அழுகும். அதனால் நடுராத்திரியிலும் டார்ச் லைட்டோடு போய் வரப்பை வெட்டி விடுகிறார்கள். வெட்டினால் மட்டும் போதாது. மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குப் போகும், அங்கிருந்து வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு. வழியில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்து நிற்கும். கடலோரத்தில் அலை ஏற்றமாக இருந்தால் முகத்துவாரமே தண்ணீரை வாங்காது. ஆகவே ஒரு குடும்பத்தின் நெல் பிழைப்பது கீழ்வயல்காரரின் மனசையும், பல மைல் தள்ளி யாரோ தூர்வாரிய வாய்க்காலையும் பொறுத்தது. மழை நாளில் அங்கே நடக்கும் சண்டைக்கும் சமாதானத்துக்கும் பொருள் ஒன்றே: தண்ணீர் எங்கே போவது?

கரிசலில் கேள்வி வேறு: எந்த நாள் இறங்குவது? மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அங்கே உண்டு. விதை முளைத்தபின் மழை நின்றுபோனால் பயிர் வாடும். மறுபடி விதை வாங்கக் கடன். மழை விடாமல் பெய்தால் உளுந்தையும் பாசியையும் களை முந்திவிடும், ஆனால் உள்ளே இறங்க முடியாது. மழை வெறித்தபின் மண் ஒட்டாமலும் இறுகாமலும் இருக்கிற பதம் சில நாட்களே நிற்கும். அந்தச் சில நாளுக்குள் ஊரிலுள்ள எல்லாக் காட்டுக்கும் களையெடுக்க ஆள் வேண்டும். கூலி ஏறும், பள்ளிக்கூடப் பிள்ளையும் காட்டில் நிற்கும். டெல்டாவில் இடம் நெருக்குகிறது என்றால் இங்கே நாள் நெருக்குகிறது.

கைக்காசு வரும் வழியும் மாறுகிறது. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துச் சிறு விவசாயி வீடுகளில் யாராவது ஒருவர் தீப்பெட்டி ஆலைக்குப் போவது வழக்கம். வெயில் இல்லாவிட்டால் குச்சி காயாது. காட்டு வேலை நிற்கும் அதே நாட்களில் ஆலைக் கூலியும் குறையும். டெல்டாவில் மழைக்கு மாட்டிக்கொள்வது குறுவை நெல். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு தளர்வு தரும்வரை நெல்லைத் தார்ச்சாலையில் பரப்புவதும், தூறல் விழுந்ததும் கூட்டி அள்ளித் தார்ப்பாயால் மூடுவதுமாகப் பொழுது போகும். குவியலுக்குள் நெல் முளைத்துவிட்டால் விலை போச்சு.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் வேற்றுமை மங்குகிறது. டெல்டாவில் வைக்கோல் போர், கரிசலில் சோளத்தட்டைப் படப்பு. இரண்டிலும் மேலே நனைந்ததை ஒதுக்கி உள்ளிருந்து உருவிப் போட்டால்தான் மாடு தின்னும். அங்கே தென்னை மட்டை, இங்கே சீமைக்கருவேல விறகு; இரண்டும் ஈரமானால் புகைதான். ஒழுகும் இடத்தில் அண்டா வைப்பது, காயாத துணியை அடுப்படியில் கட்டுவது, சேறான தொழுவத்தில் சாணி அள்ளுவது, இருமும் கிழவருக்குச் சுக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது எல்லாம் இரண்டு ஊரிலும் பெரும்பாலும் பெண்களின் தலையில்தான். கரிசலில் ஆண்களுக்கு மழை ஓய்வாக இருக்கலாம். பெண்களுக்கு எந்த ஊரிலும் அப்படி இல்லை.

2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழை டெல்டாவில் முற்றிய சம்பாக் கதிரைச் சாய்த்தது. தெற்கே மானாவாரிப் பயறு வகைகளையும் பாழாக்கியது. அப்போது இரண்டு வீட்டாரும் நீட்டியது ஒரே மாதிரிக் காகிதங்களைத்தான்: சிட்டா, அடங்கல், காப்பீட்டு ரசீது. ராபி பருவ உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். பேரிடர் நிவாரணத்துக்குப் பயிர்ச் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும்.

பரிகாரத்தை ஒரே அச்சில் வார்க்க முடியாது என்பதே இந்த ஒப்பீடு சொல்வது. மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 நெல் டெல்டாவுக்கு உதவும். ஆனால் புரட்டாசிக்குள் கடைமடை முகத்துவாரம்வரை வடிகால் தூர்வாரப்படாவிட்டால் அந்த ரகமும் ஓரளவே தாங்கும். கரிசலுக்குக் கோடை உழவும் பண்ணைக்குட்டையும் வேண்டும். பதம் வந்த நாளில் ஊருக்கே பொதுவாகக் கிடைக்கும் களைக்கருவி அதைவிட அவசரம். இடிந்த சுவருக்கும் இறந்த மாட்டுக்கும் நிவாரணப் பட்டியலில் வரிசை உண்டு. குறைந்த பாலுக்கும், போகாத கூலி நாளுக்கும், பெண்கள் கூடுதலாகச் செய்த வேலைக்கும் இரண்டு ஊரிலும் வரிசை இல்லை. மழைச் சேதத்தை ஏக்கரில் மட்டும் அளக்கும்வரை வீட்டுக்குள் நேர்ந்த நட்டம் கணக்குக்கு வெளியேதான் நிற்கும்.