கழுத்தில் தொங்கிய மாலை

தொண்டைநாட்டில் பாதிரிமார்: 17

1702-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று, காஞ்சிபுரத்துக்கு அண்மையில், தமது பிரெஞ்சு உச்சரிப்பில் 'கரூவ்பொந்தி' என்று அவர் எழுதிவைத்த சிற்றூரில் அமர்ந்து, சந்நியாசிக் கோலத்தில் இருந்த மோதுயி பாதிரியார் தம் சபையாருக்கு நீண்டதொரு கடிதம் வரைந்த வரையில் சென்ற இதழில் வந்து நிறுத்தியிருந்தோம். இவ்விதழில் போப்பரசரின் பிரதிநிதியாகிய தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்குவதைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் பிள்ளையார்பாளையத்து வாசகர் ஒருவர், "ருத்திராட்சம் தெரியும், துளசிமணி தெரியும், இந்தப் பாதிரிமார் ஜனங்களிடம் கொடுத்த மணிமாலைக்கு என்ன கணக்கு, என்ன பலன்?" என்று கேட்டு எழுதிவிட்டார், இக்கேள்வியில் எனக்கே நெடுநாளைய மோகம் ஒன்று இருப்பதால், தூர்னோனின் கப்பல் சற்று நேரம் கடலிலேயே நிற்கட்டும்.

ஏகாம்பரநாதர் சந்நிதியில் ருத்திராட்சமும், வரதராஜர் சந்நிதியில் துளசியும், யுவான் சுவாங் வந்து கண்ட காலத்தில் பௌத்த விகாரங்களும் விளங்கிய காஞ்சியில், விரலால் மணியைத் தள்ளி நாமத்தைச் சொல்வது எவருக்கும் விநோதமாகத் தோன்றியிராது. கத்தோலிக்கரின் ஜெபமாலையில் சிறு மணிகள் 53, பெரு மணிகள் 6. சிறு மணிக்கு அருள்நிறை மந்திரம், பெரு மணிக்குப் பரலோக மந்திரம். ஐரோப்பிய மடங்களில் எழுத்தறிந்த துறவிகள் தாவீது அரசரின் பெயரால் வழங்கும் சங்கீதங்கள் 150-ஐயும் பாடிவர, எழுத்தறியாத குடியானவரும் வேலைக்காரரும் அவற்றுக்கு ஈடாக 150 மந்திரங்களை எண்ணிச் சொன்னதிலிருந்து இவ்வழக்கம் வளர்ந்தது என்று சரித்திரக்காரர் கூறுவர், தேவமாதாவே அர்ச். சாமிநாதருக்குக் காட்சி தந்து அருளினாள் என்பது பக்தர்களின் பாரம்பரியம். 1569-இல் ஐந்தாம் பத்திநாதர் என்ற பாப்பரசர் இதன் முறையைச் சாசனமாக்கினார்.

ஐம்பது தடவை ஒரே மந்திரத்தைச் சொல்வது கிளிப்பிள்ளைத்தனமல்லவா என்று கேட்பவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள், இக்காலத்திலும் இருக்கிறார்கள். தறியில் உட்கார்ந்தவருக்கு இதற்குப் பதில் சொல்வது சுலபம்: பாவு நூல் முழுவதும் ஒன்றுபோலவே நீண்டு கிடக்கிறது, அதன் குறுக்கே ஊடை ஓடுகையில்தான் சேலை உண்டாகிறது. மந்திரம் பாவு, ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒன்றாக மனத்தில் ஓடவேண்டிய தேவரகசியம் ஊடை. கபிரியேல் சம்மனசு மரியாளிடம் வந்தது முதலான சந்தோஷ நிகழ்ச்சிகள் ஐந்து, ஒலிவத் தோப்பில் இயேசு இரத்த வேர்வை வேர்த்தது முதலான துக்க நிகழ்ச்சிகள் ஐந்து, உயிர்த்தெழுந்தது முதலான மகிமை நிகழ்ச்சிகள் ஐந்து என்று, ஒரு வாழ்வின் முழுச் சரிதத்தையும் புஸ்தகமில்லாமல் தியானிக்கும் ஏற்பாடு இது. (2002-இல் இரண்டாம் ஜான் பால் ஒளியின் நிகழ்ச்சிகள் ஐந்தைச் சேர்த்தார், மோதுயி காலத்தவருக்கு அவை இல்லை.)

இந்த மாலைக்கு உலகப் பிரசித்தி வந்ததென்னவோ ஒரு யுத்தத்தினால். 1571 அக்டோபர் 7-ஆம் தேதி, கிரேக்கக் கரையோரத்து லெபாந்தோவில், இரு தரப்பிலும் இருநூறுக்கு மேற்பட்ட துடுப்புக் கப்பல்கள் மோதி, துருக்கரின் கடற்படை சிதைந்தது. ஜெபமாலையின் பலத்தால் வந்த ஜயம் என்று ரோமாபுரி கொண்டாடி, 1573 முதல் அதற்கென ஒரு திருநாளும் ஏற்பட்டது. மகேந்திரவர்மன் பகைவரை அழித்ததாகச் செப்பேடு கூறும் புள்ளலூரும், 1780-இல் ஹைதரும் திப்புவும் கும்பெனித் தளபதி பெய்லியின் படையை நிர்மூலமாக்கிய களமும் பக்கத்தில் இருக்கப்பெற்ற காஞ்சிக்காரருக்கு, எந்த ஜயத்துக்கும் எவரேனும் ஒரு தெய்வத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள் என்பது தெரிந்ததே. லெபாந்தோவில் துருக்கரை எதிர்த்த கிறிஸ்தவப் படையின் 24 வயதுச் சேனாதிபதி தோன் ஹுவானை வீரன் என்று புகழ எனக்குக் கை வரவில்லை. இரு தரப்புக் கப்பல்களிலும் சங்கிலியில் பிணிக்கப்பட்டுத் துடுப்பு வலித்த அடிமைகளே அன்றைய சரித்திரத்தின் நாயகர்கள். மணிமாலைக்கு வாளின் கீர்த்தியைச் சூட்டியது அதற்குப் பெருமை அன்று என்பது என் அபிப்பிராயம்.

அதன் உண்மையான கீர்த்தியைக் காண வேண்டுமானால், மோதுயி காஞ்சிப் பக்கம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்னே, யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். 1658-இல் ஒல்லாந்தர் அவ்விடத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய பிறகு கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு இடங்கொடுப்பவர்க்குக் கடுந்தண்டனை காத்திருந்தது. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, கோயில்களெல்லாம் அந்நியர் வசம். ஏறக்குறைய முப்பது வருஷம், ஒரு குருவானவரின் முகத்தையும் காணாமல், கதவைச் சாத்திக்கொண்டு, கிழவிகள் ஜெபமாலையை முன்சொல்லக் குழந்தைகள் பின்சொல்ல, அந்தத் தமிழ்க் குடும்பங்கள் சமயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

1687-இல் தூத்துக்குடியிலிருந்து ஒரு மனிதர் கூலிக்காரர் வேஷத்தில் கடல் கடந்தார். கோவாவில் பெனாவ்லிம் என்ற ஊரில் 1651-இல் கொங்கணிப் பிராமண மரபுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யோசேவாஸ் முனிவர்தாம் அவர். பசியாலும் வயிற்றுக்கடுப்பாலும் குற்றுயிராக யாழ்ப்பாணம் சேர்ந்து, ஒருவாறு தேறி எழுந்தபின், யாரிடம் போவது, யாரை நம்புவது என்ற பிரச்சினை அவர் முன் நின்றது. வாய் திறந்து கேட்டால் ஒற்றர் காதில் விழும். கேளாவிட்டால் வந்த காரியம் நடவாது. அவர் என்ன செய்தார்? கழுத்தில் ஜெபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சைக்கு நின்றார். மாலையைக் கண்டு முகஞ்சுளித்தவர்களும், கவனியாதவர்களும், அரிசி போட்டுவிட்டுக் கதவடைத்தவர்களும் போக, அதைக் கண்டதும் கண்ணை எடுக்கமாட்டாமல் நின்றவர்களின் வாசலை மட்டும் அவர் நினைவில் வைத்து, மறுபடியும் மறுபடியும் அங்கே போய், கடைசியில், "ஒரு குருவானவர் வந்தால் சந்திப்பீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். காஞ்சியில் மாலை அணிவது கௌரவம்; அங்கே அது உயிரைப் பணயம் வைக்கும் காரியம்; ஆயினும் பேச்சில்லாமல் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள வேறு மொழி அவர்களிடம் இல்லை.

பின்னர் சில்லாலை என்னும் ஊர் அவருக்கு இருப்பிடமாயிற்று. இரவில் பூசை, பகலில் தலைமறைவு. 1689 கிறிஸ்துமஸ் இரவில் ஒல்லாந்தரின் சிப்பாய்கள் ஜனக்கூட்டத்துக்குள் பாய்ந்து பலரைப் பிடித்தபோது, அவர் மட்டும் அகப்படவில்லை. 1692-இல் கண்டிக்குப் போன இடத்தில் போர்த்துக்கீச ஒற்றன் என்று சிறையில் அடைத்தார்கள். நாளடைவில் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் தன் சந்தேகம் நீங்கி அவருக்குச் சுதந்திரம் அளித்தான். பௌத்த மன்னன் ஒருவன் கத்தோலிக்கருக்கு அடைக்கலம் கொடுக்க, கிறிஸ்தவ ஒல்லாந்தர் அவர்களை வேட்டையாடினார்கள் என்ற முரணைச் சமயச் சண்டை போடுவோர் சற்று யோசிப்பது நல்லது. 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே அவர் காலமானார். 2015 ஜனவரியில் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இவ்வளவில் எனக்கு ஒதுக்கிய பக்கம் தீர்ந்துவிட்டது. தூர்னோனைப் பற்றி இரண்டே வாக்கியம்: 1703 நவம்பரில் புதுச்சேரி வந்து, நோயினால் உள்நாட்டை மிதியாமலே எட்டு மாதம் அங்கே கிடந்து, சிலரை விசாரித்துவிட்டு, 1704 ஜூன் 23 தேதியிட்டு அவர் பிறப்பித்த கட்டளையில், கிறிஸ்தவப் பெண்கள் தாலியை மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிற்றில் கோத்து அணியலாகாது என்பதும் ஒன்று. இக்கட்டளையைப் பற்றிய வழக்கு தீர 1744 வரையில் நாற்பது வருஷம் பிடித்தது. அதன் விவரத்தை வருகிற இதழில் தொடங்குகிறேன்.