நூலின் பக்கங்களும் சணலின் முறுக்கும்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்வோர், வழியிலுள்ள கைப்பேசிக் கோபுரங்களில் முரசு போன்ற வட்டக் கருவிகளைக் கண்டிருப்பர். ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்கு நுண்ணலைகளாகச் செய்தியை அனுப்புபவை அவை. நுண்ணலையைச் சிதறாமல் கொண்டு செல்லும் உலோகக் குழலுக்கு அலைவழி என்று பெயர். அதன் பரப்பை எவ்வாறு அமைத்தால் அலை நாம் விரும்பும் வழியில் மட்டும் செல்லும் என்னும் வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு.

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், வளைந்த ஆடிகளில் ஒளி எப்புள்ளியில் பட்டுத் திரும்பும் என்பதை வடிவியல் வழி ஆராய்ந்தார். அவருக்குப் பரப்பின் வடிவமே முதன்மை. அதன் வரிகளும் இடைவெளிகளும் அலையைக் கட்டுப்படுத்தக்கூடும் என்பதைக் கண்டறிய, அலைநீளம் கைக்கு எட்டும் அளவினதாக இருத்தல் வேண்டும்.

அத்தகைய அலையைக் கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் 1895ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அவற்றுள் மிகச் சிறியதன் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். குழல்களும் கூம்புகளும் அவருடைய கருவிகளில் இடம்பெற்றன. ஆயினும் நம்மை வியக்க வைப்பது ஒரு புத்தகம். பிராட்ஷா என்னும் இரயில் கால அட்டவணையின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி அலையின் முன் வைத்தார். அலையின் மின்புலம் தகடுகளுக்குச் செங்குத்தாக இருப்பின் ஊடுருவியது. இணையாக இருப்பின் தடைபட்டது. அரை அலைநீளத்தினும் குறுகிய இடுக்கில் இணையான மின்புலம் நுழைய இயலாமையே காரணம்.

1898இல் முறுக்கிய சணல் நார்க் கற்றைகளின் வழியே அலையைச் செலுத்தினார். வலமுறுக்கு அலையின் அதிர்வுத் தளத்தை ஒரு புறமும் இடமுறுக்கு மறுபுறமும் திருப்பின. நூல் முறுக்கின் இருவகையை நன்கறிந்த சேலத்து நெசவாளர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வானொலியைக் கண்டவர் போஸா, மார்க்கோனியா என்று நம்மவர் மேடைகளில் வாதிடுவது வழக்கம். அவ்வாதத்தால் போஸுக்கு நன்மையில்லை என்பதே என் கருத்து. தொலைதூரச் செய்திக்கு உலகம் நீண்ட அலைகளை நாடிற்று. போஸும் தாவர ஆய்வுக்குச் சென்றார். அலைவழிக்கான கணக்கை ராலே பிரபு 1897இலேயே தந்திருந்தும், 1936இல் சவுத்வொர்த், பாரோ ஆகிய இரு அமெரிக்கர் தனித்தனியே அதனை மீண்டும் கண்டறிய வேண்டியதாயிற்று. நாம் வருந்த வேண்டியது இந்த நாற்பதாண்டு மறதிக்கே.

பின்னர் உலோகத்தில் கால் அலைநீள ஆழப் பள்ளங்களை வரிவரியாக வெட்டினால், அப்பரப்பு வெற்று உலோகம்போல் நடந்துகொள்வதில்லை என்பது தெளிவாயிற்று. நார்வே நாட்டவரான பெர்-சைமன் கில்டால் 1988இல் இவற்றை ‘மென்பரப்பு’, ‘வன்பரப்பு’ என வகைப்படுத்தினார். 2009இல் அவர் வெளியிட்ட அமைப்பு இன்னும் நுட்பமானது. குழலை இரு பாதிகளாகச் செய்து பொருத்துகையில் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் சிற்றலை கசியும். தகடுகளைப் பொருத்துவதன் அருமையை நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையினரும் அறிவர். கில்டாலோ இடைவெளியை அப்படியே விட்டுவிட்டார். ஒரு தகட்டில் ஏறத்தாழ கால் அலைநீள உயரமுள்ள உலோக முளைகளை வரிசையாக நிறுத்தி, மேலே மற்றொரு தகட்டை அவற்றைத் தொடாமல் வைத்தார். இடைவெளி கால் அலைநீளத்தினும் குறைவாக உள்ளவரை, முளைகள் நிற்கும் பக்கம் அலை பரவுவதில்லை. நடுவே விடப்பட்ட மேட்டின் மீது மட்டும் அது செல்கிறது.